கானுக்குப் பாடிய வம்சம்

கூடாரத்துக்குக் கம்பளி போட வெயில் வேண்டும். ஆட்டு ரோமத்தைத் தோலின்மேல் பரப்பிக் கோல்களால் அடிக்கிறோம். ஈரமான ரோமம் கோலடிக்குப் பிரியாது. பிரிந்ததை நாணல் பாயில் அடுக்கி, கொதிநீர் தெளித்து, சுருட்டிக் கயிறு கட்டி, முழங்கையால் உருட்டி உருட்டி எடுத்த பிறகும் அது காய்ந்தாக வேண்டும். காயாத கம்பளி நாற்றம் பிடிக்கும். அந்த வருடம் கோடை மேய்ச்சலுக்கு ஏறி வந்த நாளிலிருந்து மழைதான். புரூலின் கல்யாணக் கூடாரத்துக்கான வெள்ளை ரோமம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. என் ஓரகத்தி கனிஷாய் காலையில் எழுந்ததும் வாசல் துணியைத் தூக்கி வானத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இன்னைக்கும் உனக்கு வீடு இல்லடி" என்று மகளைப் பார்த்துச் சொல்லுவாள். புரூல் சிரிப்பாள். சிரிக்கிற வயது.

புரூலின் தகப்பன் எஷ்மாத், என் கணவர் ஓமுராலின் அண்ணன். கணவனுக்கு மூத்தவர்களின் பெயரை எங்கள் பெண்கள் வாயால் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. எழுதும்போது வேறு வழியில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் அவரைப் பாடகர் என்றே தெரியும். மூன்று நரம்பு வாத்தியமான கோமுஸ் ஒன்று வைத்திருந்தார். கல்யாணம், சாவு, குதிரைப் பந்தயம், கோட்டை அதிகாரி வருகை எதுவானாலும் அவரைக் கூப்பிடுவார்கள். பாட்டுக் கட்டும்போது ஊரைச் சுற்றிவரமாட்டார். கூடாரத்துக்குள், கனிஷாய் குதிரைப்பால் கடைகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு வரி சொல்லுவார்.

"நிக்குதா?"

கனிஷாய் தோல்பையில் மத்தை இடித்துக்கொண்டே, "நிக்கல" என்பாள். அல்லது "நிக்குது" என்பாள். அவள் நிற்கவில்லை என்று சொன்ன வரி எதையும் அவர் வெளியே பாடியதில்லை. நான் முல்லா வீட்டுப் பெண், எழுத்துத் தெரிந்தவள் என்றாலும் என்னிடம் அவர் கேட்டதில்லை.

புரூலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கோக்ஜால் கூட்டத்தில் கொடுப்பதாகப் பேசியிருந்தது. மாப்பிள்ளை கெல்திபெக், அவன் அப்பா மாம்பெத். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாக மேய்ச்சல் சண்டை. பெண் கொடுத்து எடுத்ததே கிடையாது. இதுதான் முதல் சம்பந்தம். பரிசக் குதிரைகளெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. பரிசம் வந்த பின் மாப்பிள்ளை மறைவாக வந்து பெண்ணைப் பார்த்துப் போவது முறை. சின்ன மாமியாரோ சித்தியோ அவனைக் கூட்டிவந்து விட வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. கெல்திபெக் வரும்போது அவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முறைப்படி எனக்கு ஒரு பட்டுத்துணியும் கிடைத்தது.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் கோட்டையிலிருந்து அதிகாரி வந்தார். தலைநகர் கோகந்தில் பழைய கான் செத்து, புதிய கான் உட்கார்ந்திருந்த சமயம். எப்படிச் செத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரி தடித்த ஆள். மலையேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கனிஷாய் கொடுத்த குதிரைப்பாலை இரண்டு கிண்ணம் குடித்த பிறகுதான் பேசினார்.

"பாடகரே, போன கானுக்கு நீர் பாடினது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"மறந்துடும்."

எஷ்மாத் சிரித்தார். "மறந்தாச்சுங்க. புதுசுக்கு என்ன பாடணும்? வீரமா, கொடையா?"

"வீரத்தையும் கொடையையும் நகரத்துல பாடறதுக்கு ஆள் இருக்கான். நீர் ரத்தம் பாடணும். வரின்னு கேட்டா ஆட்டை மறைப்பீங்க. படைக்கு ஆள்னு கேட்டா பிள்ளைகளைக் கணவாய்க்கு மேல ஏத்தி விட்டுருவீங்க. அண்ணன் தம்பி கூப்பிட்டா? அப்ப வராம இருப்பீங்களா?"

"யாரு அண்ணன், யாரு தம்பி?"

"கான்தான் அண்ணன். நீங்களும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களும் தம்பிங்க. எப்படின்னு நீர்தான் சொல்லணும். உங்க ரெண்டு கூட்டத்துக்கும் மேல அப்பன் பேரு தெரியாதாமே? அப்ப உமக்கு வேலை சுலபம்."

அவர் சொன்னது உண்மை. அதைச் சொல்லித்தான் பெரிய கூட்டத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். எங்கள் முதல் ஆள் அக்தெக்கே பனியில் கிடந்த குழந்தை. வெள்ளாடு பால் கொடுத்து வளர்த்தது என்பார்கள். கோக்ஜாலும் அப்படித்தான், ஆட்டுக்குப் பதில் ஓநாய். சந்தையில், பந்தயத்தில், குடித்துவிட்டுப் பேசுகிற இடத்தில் எல்லாம், "ஆட்டுக்குட்டிங்க வந்தாச்சு, ஓநாய்க்குட்டி எங்க?" என்று கேட்பார்கள். என் கணவர் இதற்காக இரண்டு முறை பல் உடைபட்டு வந்திருக்கிறார்.

அதிகாரி போன பின் கனிஷாய் கேட்டாள். "எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? படைக்கு ஆள் பிடிக்கிற பாட்டு இது."

"பாட்டு இல்லாட்டியும் பிடிப்பான். அப்ப சாட்டையால பிடிப்பான்." எஷ்மாத் கோமுஸின் நரம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னைக்காவது நம்ம பயலுகளுக்கு ஒரு அப்பன் கிடைக்கட்டுமே கனிஷாய். கானோட அப்பனா இருந்தா குறைஞ்சா போயிருவோம்?"

எட்டு ஒன்பது நாள் கட்டினார். மழையில் பாடல் வளர்ந்தது. எங்களுக்கும் வேறு வேலையில்லை. உட்கார்ந்து தயிரை உருண்டை பிடித்துக்கொண்டு கேட்டோம். ஒரு இடத்தில் வந்து சிக்கிக்கொண்டார். கானின் முன்னோரிலிருந்து இரண்டு கூட்டமும் எப்படிப் பிரிந்து வருவது? ஒருநாள் மத்தியானம் பிடித்துவிட்டார்.

"கருமேகம் கவிந்த நாளில்
கான்மகன் கணவாய் ஏறினான்;
வலக்கையில் ஒரு பிள்ளை, இடக்கையில் ஒரு பிள்ளை,
வாளோடு பின்னால் பகைவர்.
வெள்ளாட்டு மடியில் ஒன்றை விட்டான்,
ஓநாயின் குகையில் ஒன்றை விட்டான்,
அழுத கண்ணைத் துடைக்காமல் போனான்.
அவன் பேரனின் பேரனே
அரியணையில் அமர்ந்த கான்!"

கனிஷாய் மத்தை நிறுத்திவிட்டாள். கேட்காமலே சொன்னாள். "நிக்குது."

என் கணவர் எழுந்து வெளியே போனார். கண்ணைத் துடைக்கப் போனார் என்று எனக்குத் தெரியும்.

ஆற்றங்கரைப் புல்வெளியில் விருந்து. கோட்டை அதிகாரி பட்டு அங்கி போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கூட்டமும் வந்திருந்தது. ஒரு கூட்டம் இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம், நடுவில் கொப்பரைகள். எஷ்மாத் எங்கள் பக்கம் ஒரு வரி, அவர்கள் பக்கம் ஒரு வரி என்று திரும்பித் திரும்பிப் பாடினார். வெள்ளாட்டு மடியும் ஓநாயின் குகையும் வந்தன. பிறகு கோக்ஜால் கிழவர் ஒருவர் எழுந்து கொப்பரைகளைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் போபுஷ் தாத்தாவைக் கட்டிக்கொண்டார். போபுஷ்தான் எங்களில் மூத்தவர். இருவரும் போன வருடம்வரை ஒரு புல்வெளிக்காகக் கம்பெடுத்தவர்கள். "தம்பி, தம்பி" என்று ஒருவர் முதுகில் ஒருவர் அடித்தபடி அழுதார்கள். யார் அண்ணன் என்று அப்போதே ஒரு சின்னத் தகராறும் வந்தது. சிரித்துத் தீர்த்துக்கொண்டார்கள். இளவட்டங்கள் அன்றைக்கே குதிரைப் படைக்குப் பெயர் கொடுத்தார்கள். அதிகாரி எஷ்மாத்துக்குத் தன் அங்கியைக் கழற்றிப் போர்த்தினார்.

அதற்குப் பின் வெயில் வந்தது. கம்பளியில் இறங்கினோம். மூன்றாவது துண்டை உருட்டிக்கொண்டிருந்தபோது மாம்பெத் வந்தார். குதிரையைத் தூரத்திலேயே கட்டிவிட்டு நடந்து வந்தார். துக்கம் சொல்ல வருகிறவர்கள்தான் அப்படி வருவார்கள். கனிஷாய் நீட்டிய கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணே, சௌக்கியமா?" என்றார் எஷ்மாத்திடம்.

"என்னய்யா இது, சம்பந்தின்னு கூப்பிடுற வாய் எங்க போச்சு?"

"அந்த வாயை நீங்கதானே அடைச்சீங்க அண்ணே."

எஷ்மாத்துக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. மாம்பெத் வலது கையை விரித்தார்.

"உங்க பொண்ணு. அவளுக்கு நீங்க ஒண்ணு. உங்கப்பா ரெண்டு. அவரப்பா மூணு. அவரப்பா நாலு. அக்தெக்கே அஞ்சு." அடுத்த கையின் கட்டைவிரலைத் தொட்டார். "அவனுக்கு அப்பன் யாரு? போன மாசம் வரைக்கும் தெரியாது. இப்பத் தெரியுது. என் பையன் கணக்கும் அதே விரல்லதான் வந்து நிக்குது. வீட்டுக்காரிதான் சொன்னா. நானே எண்ணிப் பார்க்கல. ஊரே எண்ணியிருக்குது."

ஏழு தகப்பனுக்குள் ஒரே எலும்பு, அதாவது ஒரே தகப்பன் வழி, என்றால் அவர்கள் அண்ணன் தங்கை. எங்களில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் அது. எஷ்மாத்துக்குத் தெரியாமல் போனது எப்படி என்று பின்னால் பலர் கேட்டார்கள். பாட்டில் வம்சம் மேலிருந்து கீழே இறங்கி வரும். மூத்தவனில் தொடங்கிக் கானில் முடியும். கல்யாணத்தில் கீழிருந்து மேலே எண்ணுவார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் மேலிருந்து எண்ணியவர். வம்சம் அவர் வாயில் கானிடம் போய் முடிந்துவிட்டது. தன் மகளிடம் வந்து முடிகிறது என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"பாட்டுதானேய்யா," என்றார் எஷ்மாத். குரல் தணிந்திருந்தது.

"நான் சொல்லுவேன் பாட்டுதானேன்னு. எங்க ஆளுங்க சொல்லமாட்டாங்க. அப்பன் பேர் தெரியாத பயலுகன்னு எத்தனை வருசம் கேட்டாங்க? இப்பத்தான் கிடைச்சிருக்கான். ஒரு கல்யாணத்துக்காக அப்பனை விட்டுருவாங்களா? குதிரையைத் திருப்பி அனுப்ப வேணாம். பங்காளி வீட்டுல இருந்து எதையும் திருப்பி வாங்கறதில்ல."

அவர் கெட்டவரில்லை. எழுந்து போகும்போது கம்பளி உருட்டிக்கொண்டிருந்த புரூலைப் பார்த்தார். பார்க்காதது மாதிரிப் போனார்.

கனிஷாய் கூடாரத்துக்குள் போய்த் துணியை இறக்கிவிட்டு எஷ்மாத்தையும் என்னையும் ஓமுராலையும் உள்ளே கூப்பிட்டாள்.

"முல்லா மவளே, உள்ளதைச் சொல்லு. அவன் எத்தனை தடவை வந்தான்?"

"அக்கா..."

"உன்னைத் திட்டல. முறை அது. அவளுக்கு ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தல. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

எஷ்மாத் சுவரின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாட்டை மாத்துங்க," என்றாள் கனிஷாய். "ஒரு வரிதானே. ஓநாய் குகையில விட்டது கானோட மகன் இல்ல, வேற யாரோன்னு வைங்க."

"கோட்டையில மத்த பாடகனுங்க பாட ஆரம்பிச்சாச்சு. நான் இப்ப எழுந்து, ஓநாய் குகையில விட்ட பிள்ளை கானுக்கு உறவில்லைன்னு சொன்னா..."

"நாக்கை அறுப்பானா?"

"என் நாக்கோட போகாது." ஓமுராலைக் காட்டினார். "இவன் பேர் கொடுத்திருக்கான். இந்த ஆத்தங்கரையிலருந்து அம்பது அறுபது பேர் போறானுங்க. கானுக்கு ஆகாத கூட்டம்னு ஆச்சுன்னா, படைக்கு நடுவுல இவனுங்க நிலைமை என்ன?"

ஓமுரால் என்னைப் பார்த்து, "உங்கப்பா வேதம் படிச்சவரு. அதுல என்ன இருக்கு?" என்றார்.

"வேதத்துல அண்ணன் தம்பி பிள்ளைகளே கட்டிக்கலாம். ஏழு தகப்பன் கணக்கு நம்மளோடது."

"அப்ப வேதம் விட்டுருச்சு, நம்ம விரல்தான் விடல," என்றார். அந்த நேரத்திலும் கனிஷாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஒரே எலும்பில் சேர்ந்தவர்களைக் கணவாய்க்கு அப்பால் துரத்துவார்கள். பிள்ளை பிறந்தால் அதற்கு எந்த வம்சத்திலும் பெயர் கிடையாது. பனிக்காலம் வரும்போது அப்படித் துரத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் தேடியதில்லை.

கம்பளி வேலையை நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஊர் கேட்கும். யாருக்கென்று தெரியாமலே நான்காம் துண்டு, ஐந்தாம் துண்டு என்று உருட்டினோம். புரூலுக்கு மாம்பெத் சொன்னது தெரிந்துவிட்டது. முழங்கை தோலுரியும்வரை உருட்டினாள். போதும் என்றால் கேட்கவில்லை. எஷ்மாத் குதிரையை எடுத்துக்கொண்டு காலையில் போவார், இருட்டும் முன் வருவார். சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பாதியில் தள்ளி வைப்பார்.

ஒரு நாள் மத்தியானம் கனிஷாய் பால் கடைந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் தினை புடைத்துக்கொண்டிருந்தேன். எஷ்மாத் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கோமுஸை எடுத்தார். விரல்கள் நரம்பில் மெல்ல ஓடின.

"பனி அடைத்த பள்ளத்தில்
பாதை தெரியாத குளிர்காலம்;
தூரத்துக் கசாக்கியப் பெண்ணொருத்தி
தூக்கி வந்தாள் ஒரு சிசுவை.
அவள் கண்ணை நான் மூடினேன்,
அவள் பிள்ளைக்கு என் மனைவி மடி கொடுத்தாள்..."

புரூல் பிறந்த குளிர்காலத்தில் அவர்கள் கூடாரம் தனியே ஒரு பக்கப் பள்ளத்தாக்கில் பனியில் மாட்டிக்கொண்டது. மூன்று மாதம் வேறு ஆள் முகம் பார்க்கவில்லை. பனி உருகி வெளியே வந்தபோது கனிஷாயின் கையில் பிள்ளை இருந்தது. பேறு பார்த்தவர் எஷ்மாத்தேதான். சாட்சி சொல்ல உலகத்தில் இரண்டே பேர். பாட்டின்படி கனிஷாய் பெற்றது தங்கவில்லை, அந்தக் கசாக்கியப் பிள்ளைதான் புரூல்.

மத்து ஒரு இடியும் தவறவில்லை. கனிஷாய் தலை நிமிரவும் இல்லை.

"நிக்குதா?" என்றார் எஷ்மாத். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

மத்து இடித்துக்கொண்டே இருந்தது. நான் புடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"நிக்குது," என்றாள். "அதுதான் கொடுமை."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "எலும்பு வேற, பால் வேற. பால் குடுத்தேன்னு சொல்லலாம்ல? அதுக்குத் தடை இல்லையே?"

"இல்ல. பால் குடுத்தேன்னு சொல்லலாம்."

"அப்ப அதையாவது விட்டு வைங்க."

புரூலிடம் முன்கூட்டியே சொல்லலாமா என்று நான் கேட்டேன். கனிஷாய் வேண்டாம் என்றாள். "முன்னாடியே சொன்னா அவளுக்கு நடிக்கத் தெரியாது. அவ மூஞ்சியைப் பார்த்துத்தான் ஊர் நம்பணும்."

மறுபடி அதே ஆற்றங்கரை. படைக்குப் போகிறவர்களை வழியனுப்பக் கூடிய கூட்டம் அது. அதில்தான் எஷ்மாத் எழுந்தார். முதலில் கானையும், கானின் முன்னோனையும், கணவாயில் விட்ட இரண்டு பிள்ளைகளையும் பாடினார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பிறகு, பெற்றவன் பெயர் தெரிந்த இந்த நல்ல வருடத்தில் தானும் ஒரு உண்மை சொல்லக் கடன்பட்டிருப்பதாகச் சொல்லி, கசாக்கியப் பெண்ணைப் பாடினார். சிலர் அழுதார்கள். அவர் பாட்டு அப்படி.

முடித்ததும் போபுஷ் தாத்தா கைத்தடியை ஊன்றி எழுந்தார். பெண்கள் பக்கம் திரும்பினார்.

"பாடகன் சொன்னான். பாடகனுங்க சொல்லுவானுங்க. நீ சொல்லு தாயி. புரூல் நீ பெத்த பொண்ணா?"

கனிஷாய் எழுந்து நின்றாள். அவள் உயரமான பெண். முகத்தில் ஒன்றுமில்லை.

"பால் குடுத்தேன் பெரியவரே. பெக்கல."

"ஆணையா?"

"ரொட்டி மேல ஆணையா."

பின்வரிசையில் நின்ற புரூல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கூட்டத்தில் எல்லோரும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் நம்பினார்கள்.

"காது மட்டும் பாடகன் காது மாதிரி இருக்குதே," என்றான் கோக்ஜால் பக்கத்தில் ஒருவன். "பாட்டைக் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கும்," என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். மாம்பெத் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக நடுவே வந்து எஷ்மாத்தின் கையைப் பிடித்து, "அப்ப நான் பங்காளி வீட்டுல வளர்ந்த அந்நியப் பொண்ணை எடுக்கிறேன். அதுக்கு யாராவது தடை சொல்றீங்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை. அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். கடைசிவரை அவரும் அதைப் பேசவில்லை.

புரூல் அன்றைக்கு ஓடிப் போய்க் காய்ந்துகொண்டிருந்த கம்பளிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் போனேன்.

"சித்தி, நெசமா?"

"உன் காதைத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். இரண்டு கையாலும் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்ப எதுக்கு அம்மா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கும் முன் அவள் கை தானே வயிற்றுக்குப் போய்விட்டது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

படை புறப்படும் முன்பே கல்யாணம் நடந்தது. வெள்ளைக் கூடாரம் நன்றாகவே வந்திருந்தது. விடைபெறும்போது பெண் தகப்பனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். புரூல் எஷ்மாத்தின் முன்னால் வந்து மார்பில் கைவைத்துக் குனிந்து, வளர்த்தவருக்குச் செய்கிற மரியாதையைச் செய்தாள். "போய் வரேன் பெரியவரே," என்றாள். அவர் தலையாட்டினார்.

அடுத்த நாள் ஓமுரால் போனார். கானின் தம்பி என்று பாடிக்கொண்டு போனார்கள். பல் உடைபட்ட வாயால் என் கணவர்தான் முதல் குரல் எடுத்தார். பனி விழும் முன் கோகந்தில் கானை அவருடைய காவல்காரர்களே கொன்றுவிட்டார்கள். எங்கள் ஆட்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். ஓமுராலைக் கடைசியாகப் பார்த்ததாக ஒருவன் ஒரு ஆற்றின் பெயரைச் சொன்னான், இன்னொருவன் வேறொரு ஊரின் பெயரைச் சொன்னான். இரண்டையும் நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

வசந்தத்தில் அதே அதிகாரி அடுத்த கானுக்காக வந்தார். மூச்சு முன்னைவிட வாங்கியது.

"பாட்டு நல்ல பாட்டு. வம்சம் அப்படியே இருக்கட்டும். கடைசி ரெண்டு வரியில ஆளை மட்டும் மாத்தும்."

அவர் போனதும் கனிஷாய் எழுந்து நேரே போபுஷ் தாத்தாவின் கூடாரத்துக்குப் போனாள். நானும் போனேன்.

"அந்தக் கான் செத்தாச்சு. அவனுக்கு எடுத்த பாட்டும் சாகட்டும். இப்ப சொல்லிரலாம் பெரியவரே, அது வெறும் பாட்டுன்னு. பழைய மாதிரி ஆட்டுப்பாலு குடிச்ச பிள்ளைங்களாவே இருந்துட்டுப் போறோம்."

போபுஷ் அவளை உட்காரச் சொன்னார். கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "தாயி, மேல்புல்வெளி இப்ப ரெண்டு கூட்டத்துக்கும் பொது. அண்ணன் தம்பின்னுதான் பொதுவாச்சு. போன கோடையில ஒரு கம்பு தூக்கல, ஒரு மண்டை உடையல. இனி அந்தப் பாட்டு கானோடது இல்ல. நம்மளோடது. உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியுது. அதைக் கேக்காத."

கனிஷாய் தேநீரைக் குடித்து முடித்தாள். கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு வந்தாள்.

எஷ்மாத் கடைசி இரண்டு வரியை மாற்றினார். அதற்குப் பிறகும் இருமுறை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது பிள்ளைகள் பாடும்போது கடைசி வரிகளைப் பாடுவதே இல்லை. ஆடும் ஓநாயும் வந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வருடத்தில் ஒன்றிரண்டு முறை அவர் கோமுஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து போவார், பாடக் கூப்பிட்டதாகச் சொல்லி. புரூல் விருந்தாளிக்குக் கொடுக்கிற கறித்துண்டைக் கொடுப்பாள். அவள் மகன் அவர் மடியில் உட்கார்ந்து நரம்பைப் பிடுங்குவான். பாட்டுக்காரத் தாத்தா என்று கூப்பிடுவான்.

அவர் இறந்தது ஒரு பின்பனிக்காலம். கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் நிற்க, தூரத்திலிருந்தே சத்தமாக அழுதபடி குதிரைகள் வந்தன. கோக்ஜால் ஆட்கள். அவர்களில் கெல்திபெக் முன்னால் வந்தான். "பெரியப்பா, என் பெரியப்பா!" என்று கதறிக்கொண்டே குதிரையிலிருந்து விழுந்து இறங்கினான். பங்காளி முறையில் அவனுக்கு அவர் பெரியப்பாதான். அவன் அப்படிக் கூப்பிடுவதில் ஒரு குற்றமும் இல்லை.

புரூல் அவன் கூட்டத்துப் பெண்களோடு உள்ளே வந்தாள். உள்ளே கனிஷாய் கறுப்பு உடுத்தி, வாசலுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். விதவை யார் வந்தாலும் திரும்பக் கூடாது. நான் அவள் பக்கத்தில் இருந்தேன். கோக்ஜால் பெண்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். முறைப்படி ஒவ்வொருத்தியாக அழ வேண்டும். புரூலின் முறை வந்தது. அவள் இப்போது அந்தக் கூட்டத்து மருமகள். அவர் அவளுடைய கணவனுக்கு மூத்தவர். அப்பா என்று சொல்லக் கூடாது. பெயரும் சொல்லக் கூடாது.

"அக்தெக்கே கூட்டத்தின் நாவே,
ஆற்றைக் கடந்து வந்தேன் நான்;
அழ உரிமை உள்ளவர் அழட்டும்,
அந்நியத்தி ஓரமாய் அழுகிறேன்..."

நீண்ட ஒப்பாரி அது. எங்கேயும் இடறவில்லை. என் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "வளர்த்த பாசம், பாரேன்," என்றாள். மற்றவள், "பாட்டு வீட்டுல வளர்ந்தவ இல்ல?" என்றாள்.

கனிஷாய் தன் ஒப்பாரியை நிறுத்திவிட்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் அவளுடைய வலது கை மெல்ல முதுகுப் பக்கமாக வந்தது. தரையில் விரித்திருந்த கம்பளியைத் தடவியது, நகர்ந்தது, புரூலின் பாவாடை விளிம்பைக் கண்டது, பிடித்துக்கொண்டது. நான் என் முக்காட்டைத் தளர்த்தி அந்தக் கையின்மேல் போட்டேன். புரூல் குரல் மாறாமல் அழுது முடித்தாள்.

வெளியே கறி இறக்கிவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களை முதலில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பெண்கள் எழுந்தார்கள். புரூலும் எழ வேண்டும். கை விடவில்லை. முக்காட்டுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.